கோரை இல்லாத கரை

ஹந்தானை மலையில் பிறந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களை உரசிக்கொண்டு இறங்கி, கடைசியில் மகாவலியில் போய் விழுகிற ஓடை ஒன்றைத் திருத்த ஐந்து அமைப்புகள் சேர்ந்திருந்தன. நகர சபை, நீர் சபை, ஒரு பல்கலைக்கழகம், தோட்ட நிர்வாகம், கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு சூழல் நிறுவனம். ஊர் கூடித் தேர் இழுப்பது நல்லதுதான். வடம் பிடித்தவர்கள் ஆளுக்கொரு பாஷையில் கத்தினால்தான் சிக்கல். அந்தப் பாஷைகளுக்கு நடுவில் நிற்கிற வேலை ஜெயராணிக்கு.

ஜெயராணி சூழல் நிறுவனத்தின் வெளிக்கள உத்தியோகத்தர். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, படித்து, கண்டி ஒபிசுக்கு வேலைக்கு வந்தவள். அதனாலேயே லயத்துச் சனத்தைப் பற்றி தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

ஓடையைக் கெடுத்தது லயங்களின் கக்கூஸ் தண்ணீர். திறந்த சாக்கடைக் கானில் ஓடிவந்து நேரே ஓடையில் விழுந்தது. மழை பெய்தால் கான் பொங்கி வாசலுக்கே வந்துவிடும். திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் லயங்களுக்கு மூடிய குழிகள் கட்டித் தருவதாகப் பேச்சு. முதல் கட்டம், கரையில் செடி வளர்த்து மண்ணை நிறுத்துவது. அது சரியாக வந்தால்தான் குழிக்குக் காசு. லயத்துச் சனத்துக்குச் செடிமேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. குழிமேல்தான் ஆசை. கான் தண்ணீரைத் தாண்டித் தாண்டித் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு வேறு எதில் ஆசை வரும்?

பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து கரை நெடுகக் கோரையையும் காட்டுப் புல்லையும் நட்டுவிட்டுப் போனார்கள். மண்ணைப் பிடித்து, அழுக்கையும் வடிகட்டும் என்று ஆராய்ச்சி சொன்னது. அன்றைக்கு லயத்து ஆட்கள் எல்லாரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். லயச் சங்கத் தலைவர் ராஜலிங்கத்திடம், கரைக்குள் மாடு இறங்காமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் சொல்லப்பட்டது; நட்ட செடி கோரைதான் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் ஒரு மாட்டையும் இறங்க விடவில்லை.

மழைக்குக் கோரை செழித்து முழங்கால் உயரம் வந்தது. ஒபிசில் எல்லாருக்கும் சந்தோஷம். காசு தருகிற வெளிநாட்டு அமைப்பின் அதிகாரியம்மா புதன்கிழமை கரையைப் பார்க்க வருகிறார் என்று ஜெயராணி ராஜலிங்கத்துக்குப் போன் பண்ணிச் சொன்னாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

தோட்டத்துக்குப் பெரிய ஆள் வருகிறார் என்றால் என்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், கானை வாருவார்கள், ரோட்டோரத்தில் ஒரு புல் நிற்க விடமாட்டார்கள். சின்ன வயதில் அவளே சுண்ணாம்பு வாளி தூக்கியிருக்கிறாள். ஒபிஸ் கதிரையில் இரண்டு வருஷம் உட்கார்ந்ததில் அது மறந்துபோயிருந்தது. அதிலும் கோரைக்குத் தோட்டத்தில் நல்ல பேர் கிடையாது. தேயிலைக்குள் ஒரு கொத்து நின்றாலே கங்காணியிடம் ஏச்சு நிச்சயம்.

புதன்கிழமை வான் இரண்டும் வளைவில் திரும்பியபோதே ஜெயராணி கண்டுவிட்டாள். கரை மொட்டையாக இருந்தது. சுரண்டியால் சுரண்டி, கூட்டி, ஓரத்துக்குக் கல்கூட அடுக்கியிருந்தார்கள். பன்னிரண்டு பேர் நல்ல உடுப்பு உடுத்து வரிசையாக நின்றார்கள். ராஜலிங்கம் முன்னால் வந்தார்.

"பாருங்க மிஸ், தேடினாலும் ஒரு புல்லு கெடைக்காது."

பிள்ளையார் பிடிக்கப் போனது குரங்காய் முடிந்திருந்தது. பல்கலைக்கழகத்துக்காரர் தலையில் கை வைத்தார். நகர சபைக்காரர், தாங்கள் திட்டத்தின் பெயர்ப் பலகைக்கு மட்டும்தான் பொறுப்பு, பலகை நிற்கிறது என்றார். அதிகாரியம்மா சத்தம் போடவில்லை. செடிகளைப் பிடுங்கியது யார் என்று மட்டும் இங்கிலீசில் கேட்டு, ஜெயராணியைப் பார்த்தார்.

அந்தப் பன்னிரண்டு முகத்தையும் பார்த்தபோது அதை அப்படியே தமிழில் சொல்ல ஜெயராணிக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டுச் செய்த வேலை. "இவ்வளவு வேலையும் யாரு செஞ்சதுன்னு கேக்குறாங்க" என்றாள்.

கைகள் உயர்ந்தன. ராஜலிங்கம் இரண்டு கையையும் தூக்கினார். பின்வரிசையில் நின்ற வீரம்மா மட்டும் ஜெயராணியை ஒரு முறை பார்த்துவிட்டுக் கடைசியாகத் தூக்கினாள்.

வானில் கூட வந்திருந்த கண்டி ஒபிசின் பொறுப்பாளர் பத்மாதேவி, யாழ்ப்பாணத்துக்காரர், ஜெயராணியைத் தனியே கூப்பிட்டார்.

"நீர் என்ன கேட்டனீர் எண்டு எனக்கு விளங்கினது. அவவுக்கு விளங்கேல்ல. அவ கையளை மட்டும்தான் பாத்தவ."

வானுக்குப் பக்கத்திலேயே முடிவாகிவிட்டது. பத்மாதேவி ஆனமட்டும் பேசிப் பார்த்தார். செடியைப் பிடுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு கை தூக்குகிறவர்களை நம்பி குழி கட்ட முடியாது, கரை திரும்பப் பச்சையாகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அதிகாரியம்மா. வான்கள் கிளம்பிவிட்டன. ஜெயராணி மட்டும் பின்தங்கினாள்.

குழி வேலை எப்போது தொடங்கும் என்று ராஜலிங்கம் கேட்டார். இந்த முறை அவள் எதையும் மாற்றவில்லை. கோரை எதற்கு நட்டது, அம்மா கேட்டது என்ன, தான் மாற்றிச் சொன்னது என்ன, முடிவு என்ன, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. ராஜலிங்கம் மொட்டைக் கரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பிடுங்கினதையெல்லாம் எரித்துவிட்டோமே மிஸ் என்றார்.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வீரம்மா நின்றாள்.

"அந்தம்மா கேட்டது எனக்கு அப்பவே வெளங்கிச்சு புள்ள. கொழும்புல வெள்ளக்காரங்க வீட்டுல ஒம்பது வருசம் புள்ள பாத்தவ நான்."

"அப்புறம் ஏன்க்கா கையத் தூக்குனீங்க?"

"நானுந்தானே சொரண்டுனேன். எல்லாரும் தூக்குறப்ப நான் மட்டும் எப்புடிச் சும்மா நிக்கிறது?"

 வீரம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கானைத் தாண்டி அந்தப் பக்கம் போய்த் திரும்பினாள்.

"அடுத்த தடவ அவங்க சொல்றத அப்புடியே சொல்லு. ஏச்சு எங்களுக்குத் தாங்கும் புள்ள. இந்தத் தண்ணிதான் தாங்கல."