இறால் கோதுத் தாள்

குகனேசன் வயிற்றாலடித்துச் செத்துப் பிழைத்த கதை சரவணை ஊருக்கு வந்து சேர்ந்தபோது, யோகம்மா தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். அடிக்காமல் என்ன செய்வாள்? அந்த இறைச்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தானே. சந்தியில் நின்ற அவளுடைய மகனை ஆமிக்காரர் மற்றவர்களோடு சேர்த்து அள்ளிக்கொண்டுபோய்த் தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் போட்டிருந்தார்கள். பஸ், ரயில், மறுபடி பஸ் என்று அங்கே போய்ச் சேர்வதற்குள், பிரட்டிய ஆட்டிறைச்சி சொப்பிங் பைக்குள் கிடந்து புழுங்கிவிட்டது. அம்மா ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று அந்த விசரன் வாய் திறக்காமல் அவ்வளவையும் தின்று முடித்திருக்கிறான். அங்கேயிருந்து விடுபட்டு வந்த நாரந்தனை ஆள் ஒருவர்தான் இதைச் சொன்னார். மருந்து கேட்டால் அடிதான் கிடைக்கும் என்றும் சொன்னார்.

யோகம்மா பிடித்த காரணம் வேறு. இறைச்சிக்கறி படலை தாண்டிப் போகும்போது அதோடு ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போக வேண்டும். இல்லாவிட்டால் வழியில் நிற்கிறதுகள் தொட்டுவிடும். அடுத்த வளவுக்கு ஒரு கோப்பை கறி போனாலும் ஊரில் அதுதான் வழக்கம். அன்று பஸ்ஸுக்கு ஓடிய அவதியில் அவள் ஆணியை மறந்துபோனாள். பாவி நான், பாவி நான் என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

மகள் அம்பிகைக்குப் பத்திக்கொண்டு வந்தது. கொழும்பில் மீன் பதனிடும் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவள் அவள். எண்பத்துமூன்று கலவரத்தில் உடுத்த சேலையோடு கப்பலேறி வந்து, இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறாள். பேயுமில்லை, பிசாசுமில்லை, அது கிருமி என்று தாய்க்கு எடுத்துச் சொன்னாள். ஆணியைக் கண்டு கிருமி பயப்படாது என்றும் சொன்னாள். யோகம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டுகிற ஆட்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். அது அம்பிகைக்குத் தெரியாமல் போய்விட்டது.

அடுத்த முறை பார்க்க அனுமதி கிடைத்ததும் அம்பிகை ஒரு வேலையில் இறங்கினாள். ஆராய்ச்சிக்கூடத்தில் அவர்கள் செய்துபார்த்துப் பாதியில் விட்ட வேலை அது. இறால் கோதிலிருந்து, அதாவது உரித்தெறிகிற மேலோட்டிலிருந்து, ஒரு தாள் செய்யலாம். கண்ணாடிபோல உள்ளே உள்ளது தெரியும். அதில் சுற்றிய பண்டத்தில் கிருமி இலேசில் பெருகாது. ஊர்காவற்றுறையிலிருந்து மீன் கொண்டுவருகிற மேரிஜோசப்பின் என்பவள் கடகம் கடகமாகக் கோது கொண்டுவந்து கொட்டினாள். இரசம் வைக்கவோ பிள்ளை என்று கேட்டுச் சிரித்தாள். அம்பிகை கோதைக் காயவைத்து இடித்து, பள்ளிக்கூடத்து அமிலத்தில் ஊறவைத்து, சவர்க்காரத்துக்குப் போடுகிற கோஸ்டிக் சோடாவில் போட்டுக் காய்ச்சினாள். குசினிப் பக்கம் ஒருவரும் தலைவைக்க முடியாத நாற்றம். மரக்கறிக்காரி ஒருத்தி படலையோடு திரும்பிப் போனாள்.

கடைசியில் மிஞ்சிய தூளைக் கள்ளு வினாகிரியில் கரைத்து, கராம்பு எண்ணெய் கொஞ்சம் விட்டு, அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றிக் கிடத்தி அதன்மேல் ஊற்றி நிழலில் காயவிட்டாள். முதல் இரண்டு தரமும் வெடித்து உதிர்ந்தது. மூன்றாந்தரம் முழுத்தாளாக உரிந்து வந்தது. யோகம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்ரை பிள்ளை கெட்டிக்காரி என்றாள். அம்பிகைக்குக் கண் கலங்கிவிட்டது.

சும்மா நம்பிக் கொடுக்கவில்லை. தண்ணீர் வற்ற வறுத்த இறைச்சியில் பாதியைத் தாளில் சுற்றி, பாதியைச் சொப்பிங் பையில் போட்டு, அடுப்பங்கரையில் வைத்துப் பார்த்தாள். பைக்குள் இருந்தது நூல் விட்டு நாறியது. தாளுக்குள் இருந்தது வைத்தபடி இருந்தது. அதை அவளே தின்றாள். தாய் தடுக்கத் தடுக்கத் தின்றுவிட்டு, வயிறு ஏதும் செய்யாததை மறுநாள் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படுகிற அன்று மூன்று பொதி கட்டினாள். ஓரங்களை அதே கரைசலால் ஒட்டினாள். உள்ளே இருப்பது வெளியே தெரியும், ஆகையால் பிரித்துக் காட்டச் சொல்லமாட்டார்கள் என்று ஒரு கணக்கும் அவளிடம் இருந்தது. பிறகு கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள்.

தாயும் மகளும் தனியே போகவில்லை. யோகம்மாவின் தமையன் வைத்திலிங்கம் கூடப் போனார். தெற்கில் கடை வைத்திருந்து, கடை எரிந்தபின் ஊரோடு ஒதுங்கியவர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பண்ணையிலும் ஆனையிறவிலும் சோதித்தவர்கள் பொதியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மற்றப் பொதிகளோடு திரும்ப வைத்தார்கள். ரயிலில் அம்பிகை மூக்கைப் பொதியில் வைத்து வைத்துப் பார்த்தாள். நல்ல வாசம்தான். இந்த முறை தம்பி வயிறார உண்பான் என்று அவளுக்கு மனம் நிறைந்துபோனது.

முகாம் வாசலில் தாய்மார் எல்லாரும் ஒரு மரத்தின்கீழ் இருந்தார்கள். யோகம்மாவையும் அங்கே இருத்திவிட்டு, மாமனும் மருமகளும் சோதனை மேசைக்குப் போனார்கள். மேசையடியில் நின்ற சிப்பாய் ஓர் இளந்தாரி. தாளைத் தடவிப் பார்த்து, இது என்ன என்று வைத்திலிங்கத்தைக் கேட்டான். அவர் மருமகளின் கெட்டித்தனத்தை விரித்துச் சொன்னார். அவனும் நல்லது, நல்லது என்றபடி மூன்றாவது பொதியை அமுக்கினான். விரல் நின்றுவிட்டது.

அந்தப் பொதியின் ஓரத்தை யாரோ அறுத்து, திரும்ப நூலால் தைத்திருந்தார்கள். அவன் பிரித்தான். இறைச்சிக்கு நடுவில் ஒரு கரித்துண்டு, பக்கத்தில் விரல் நீளத்தில் ஓர் இரும்பாணி.

இளந்தாரி ஆணியைக் கையில் எடுத்ததும் ஒருகணம் அவன் முகம் இளகியது. வைத்திலிங்கத்திடம் மெல்ல ஏதோ சொன்னான். தன் அம்மாவும் இறைச்சியோடு இப்படித்தான் வைத்து அனுப்புவாளாம். ஐயோ, தெரிந்தவன், எங்கள் ஆள் மாதிரி ஒருவன்! ஆனால் ஆணியை மேசையில் வைத்தபோதே பின்னால் நின்ற அதிகாரி கண்டுவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே.

அதிகாரி சத்தம் போடவில்லை. இளந்தாரி சொன்னதையும் கேட்டார். வைத்திலிங்கம் கும்பிட்டுச் சொன்னதையும் கேட்டார். ஆணியால் பூட்டுத் திறக்கலாம், கண்ணைக் குத்தலாம் என்றார். பிறகு அம்பிகையைப் பார்த்து, நீர் படித்தவர், தாளும் உம்முடையது, ஒட்டியதும் நீர்தான், அப்படியானால் உள்ளே ஆணி வைத்தது யார் என்று கேட்டார். வைத்திலிங்கம் அதைத் தமிழில் சொன்னார்.

அம்பிகை மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். யோகம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, தலைமயிரை ஒதுக்கி, மகன் பார்க்கப் போகிற முகத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"நான்தான் வைச்சனான்" என்றாள் அம்பிகை.

அவளை ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தாலும் பரவாயில்லை. இந்தக் கைதிக்கு இனி மறு உத்தரவு வரை ஆள் பார்க்க அனுமதியில்லை என்றார்கள். ஆணி எதற்கு வந்தது என்று அவனைத்தான் விசாரிப்பார்களாம். அம்பிகை அழுதாள். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கத்தினாள். ஆணிப் பொதி தடயமாக உள்ளே போனது. மற்ற இரண்டையும் இளந்தாரி அவளிடம் திருப்பித் தந்தான். தரும்போது அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மரத்தடிக்குப் போகிற வழியில் வைத்திலிங்கம் சொன்னார்: "கொம்மாவுக்கு மூச்சு விடாதை. தாங்கமாட்டாள்." யோகம்மாவிடம், கடிதாசியில் ஏதோ பிழையாம், இண்டைக்குப் பார்க்க விடாங்கள், ஒரு பொதியை மட்டும் உள்ளுக்கு எடுத்தவங்கள் என்றார். முழுப்பொய் என்று சொல்லவும் ஏலாது. யோகம்மா வாசலைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றாள். பிறகு, பொதியாவது போனதே என்று பெருமூச்சு விட்டாள்.

திரும்பி வரும்போது ஒருவரும் அந்த இறைச்சியைத் தொடவில்லை. சரவணைக்கு வந்து, குசினியில் வைத்துத்தான் யோகம்மா ஒரு பொதியைப் பிரித்தாள். முகர்ந்தாள். ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். போய்த் திரும்பி வந்த அவ்வளவு வழிக்கும் அது கெடவில்லை.

"பழுதாகேல்லை பிள்ளை" என்றாள். முகம் மலர்ந்துபோயிருந்தது. பிறகு அம்பிகைக்குக் கிட்ட வந்து, குற்றம் செய்த குழந்தையின் குரலில் சொன்னாள்: "நீ பேசுவாய் எண்டு சொல்லேல்லை. நீ குளிக்கப் போன நேரம் ஒரு பொதியிலை ஆணி வைச்சுத் தைச்சனான். அதுதானே அவனுக்குப் போனது?"

அம்பிகை பிரித்த தாளை எடுத்து மடித்தாள்.

"ஓம் அம்மா" என்றாள்.

"பாத்தியே. உன்ரை தாளும் என்ரை ஆணியும். இனி அவனுக்கு ஒண்டும் வராது" என்று சொல்லிவிட்டு, யோகம்மா மிச்ச இறைச்சியை மகளின் கோப்பையில் போட்டுச் சோறு பிசைந்து கொடுத்தாள்.