உப்புக்காரிக்குக் கிடைத்த வம்சம்

கார்மெவில் கோட்டையில் பசீலியாவுக்குப் பதினொரு வருஷமாக ஒரே பெயர்தான், உப்புக்காரி. வாழ வந்த அன்றைக்கு மாமியார் வைத்த பெயர். மாமியார் மண்ணுக்குள் போன பிறகும் பெயர் போகவில்லை. புருஷன் துர்ஸ்தான் பிரபு விருந்தாளிகளை உட்கார வைத்துக்கொண்டு, ஆப்பிள் மது உள்ளே இறங்க இறங்க, "எங்க வீட்டுக் கறியில உப்புக் குறைஞ்சா கவலையே இல்லப்பா, இவளை ஒரு தடவை நக்கிக்கிட்டாப் போதும்" என்பான். எல்லாரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்கள். கூரை ஒழுகாமல் இருப்பதும் அந்த மேசையில் கறி இருப்பதும் அவள் சீதனமாகக் கொண்டுவந்த சாலெத் உப்பளத்தால்தான் என்பது சிரித்தவர்களுக்கும் தெரியும்.

கார்மெவில் வம்சம் அப்படிப்பட்ட வம்சமாம். கோமகன் கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தைப் பிடித்தபோது பக்கத்திலேயே நின்று வெட்டிய கறுப்புத் தோரால்ட் இவர்களுடைய மூல புருஷன். கோட்டை, ஆற்றோரத்து ஆலை, கடலுக்கு அந்தப் பக்கம் இரண்டு ஊர், எல்லாம் அவன் சம்பாதித்தது. பசீலியாவின் கொள்ளுப்பாட்டன் கிரிமூலோ செருப்பில்லாத காலோடு கடற்கரையில் உப்புக் காய்ச்சியவன். "நம்ம கிரிமூல் தாத்தாவுக்கு அப்பா யாருன்னு அவருக்கே தெரியாது" என்று அவளுடைய அப்பா உயிரோடு இருந்தவரை சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இப்பேர்ப்பட்ட கார்மெவில் குடும்பம் இந்த வசந்தத்தில் திடீரென்று ஒன்றைக் கண்டுபிடித்தது. பசீலியா அவர்களுடைய சொந்த ரத்தமாம்! அட கண்றாவியே.

விஷயம் இதுதான். துர்ஸ்தானுக்குப் பக்கத்துச் சீமையில் பதினாலு வயசுப் பெண் ஒருத்தி மேல் கண். பெண் மேல் என்ன கண், அவளோடு வரும் காட்டின் மேல்தான் கண். இருக்கிற பெண்டாட்டியைத் தள்ளிவிடத் திருச்சபை விடாது. ஆனால் ஏழு தலைமுறைக்குள் ரத்த உறவு என்று நிரூபித்துவிட்டால் அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் பசீலியா அவள் சித்தப்பா ஓஸ்பர்னின் பொறுப்பு. சித்தப்பா அவளைக் கடலோரத்துக் கன்னியர் மடத்தில் தள்ளிக் கதவைச் சாத்துவார். கன்னியாஸ்திரிக்குச் சொத்து கிடையாது, உப்பளம் சித்தப்பாவுக்கு. அதில் பாதி துர்ஸ்தானுக்கு. இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டது சமையல்கட்டு வரைக்கும் தெரிந்த சங்கதி.

வழக்கு ஆயரின் சபைக் கூடத்தில் நடந்தது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தவர் இல்தெபர்ட் சாமி. ஜலதோஷக்காரர், அங்கியின் கைப்பகுதியிலேயே மூக்கைத் துடைத்துக்கொள்வார். துர்ஸ்தானின் மனுவை எழுத்தர் சத்தமாக வாசித்தார்.

"இந்தத் தம்பதிக்குப் பிறந்த மூன்று குழந்தைகளும் தொட்டிலிலேயே இறந்தன. ரத்த உறவில் கூடிய பாவத்துக்கு ஆண்டவர் காட்டிய அருவருப்பே இது என்று பிரபு கண்ணீரோடு தெரிவித்துக்கொள்கிறார்."

கண்ணீராம்! மூன்றாவது குழந்தையைப் புதைத்த அன்று இந்த மனுஷன் வல்லூறை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போனவன். இப்போது அந்தப் பச்சை மண்களைத் தோண்டி எடுத்து மனுவில் வைத்துவிட்டான். பசீலியா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நகத்துக்குள் இருந்த அழுக்கைக் கத்தி முனையால் எடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்து சாட்சி. ஓஸ்பர்ன் சித்தப்பா புதுச் சிவப்பு மேலங்கியில் வந்து நின்றார். வரும் வழியில் விலாங்குமீன் பணியாரத்தைப் பிடி பிடியென்று பிடித்திருப்பார் போல, விரலெல்லாம் நெய் மினுமினுத்தது. அந்த விரலோடு ஒரு புனிதரின் எலும்பு இருந்த வெள்ளிப் பெட்டியின் மேல் கையை வைத்தார். பெட்டியில் நெய்த் தடம் விழுந்தது.

"உறவை உடம்புல எண்ணிச் சொல்லும்" என்றார் சாமி.

அந்தப் பக்கத்தில் அதுதான் முறை, தலையில் தொடங்கி விரல் நுனியில் முடிந்தால் ஏழு தலைமுறை. ஓஸ்பர்ன் தலையைத் தொட்டார். "இது கறுப்புத் தோரால்ட், சாமி. எல்லாருக்கும் மூலம்." கை கழுத்துக்கு இறங்கியது. அங்கே ஒரு கட்டி பழுத்துக் கிடந்தது, அதையும் ஒரு தடவு தடவிக்கொண்டார். "இது அவரோட ரெண்டு பிள்ளைங்க, ரிஷேர், கிரிமூல். கூடப் பிறந்தவங்க." தோள். "இது அவங்க பிள்ளைங்க." முழங்கை. "இது பேரப்பிள்ளைங்க. அந்தப் பக்கம் துர்ஸ்தானோட அப்பா, இந்தப் பக்கம் எங்கண்ணனும் நானும்." மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினார். "இதோ, துர்ஸ்தானும் எங்கண்ணன் மக பசீலியாவும். இன்னும் விரலுக்கே வரல சாமி! அண்ணன் தங்கச்சி மாதிரி. அசிங்கம், அசிங்கம்."

சொல்லச் சொல்ல அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனதைப் பசீலியா கவனித்தாள். பொய் என்று தெரிந்து சொல்ல ஆரம்பித்த மனுஷன் தோளைத் தாண்டும்போதே அதை நம்பிவிட்டார். உப்புக் காய்ச்சியவன் பேரன், ஒரு காலை நேரத்தில் தோரால்டின் கொள்ளுப்பேரனாகிவிட்டார்! அந்தச் சிவப்பு மேலங்கிக்குள் ஆள் ஊதிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே சகிக்கவில்லை. சகிக்க முடியாத அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குப் புத்தியில் பொறி தட்டியது.

"சித்தப்பா, ஒரே ஒரு சந்தேகம்" என்றாள், ரொம்பப் பணிவாக. "நம்ம கிரிமூல் தாத்தா இளையவர்தானே? மூத்தவர் அவங்க ரிஷேர்தானே?"

"அது இங்க தேவையில்லம்மா" என்றார் சாமி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இளையவரா? யாரு சொன்னது?" ஓஸ்பர்னுக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்ம கிரிமூல்தான்டீ மூத்தவர்! தோரால்டோட தலைப்பிள்ளை! இவங்கதான் தம்பி வழி. எழுதிக்கோங்க சாமி, எலும்பு மேல கை வச்சுச் சொல்றேன்."

எழுத்தர் எழுதிக்கொண்டார். எலும்பின் மேல் கை இருக்கும்போது சொன்னதை எழுதாமல் விடக்கூடாது.

பசீலியா சாமியிடம் திரும்பினாள். "அப்ப எனக்கு ஒண்ணும் புரியல சாமி. நம்ம நாட்டு வழக்கப்படி கோட்டையைப் பங்கு போட முடியாது, மூத்தவர் வழிக்குத்தான் போகும். என் அப்பா மூத்த பேரன். நான் அவருக்கு ஒரே மக. தம்பி வழியில வந்தவர் என் கோட்டையில என்ன பண்றார்?"

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துர்ஸ்தானின் கையிலிருந்த கத்தி நின்றது.

சாமி அங்கியின் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நிலத்தகராறு இங்க வராதும்மா. அது கோமகனோட நீதிமன்றத்துக்குப் போகணும். ஆனா எங்க முத்திரை போட்ட சத்தியத்தை அங்க யாரும் தட்ட மாட்டாங்க. கோட்டைக்கு உரிமை கேக்கிற வாரிசுப் பொண்ணு கோமகனோட பாதுகாப்புல இருப்பா. சித்தப்பனோ வேற யாரோ அவளை மடத்துக்கு அனுப்ப முடியாது."

"சாமி, வழக்கு வேணாம்!" துர்ஸ்தான் எழுந்தேவிட்டான். "வாபஸ்! இந்தக் கிழம் உளறுது."

"யாரைப் பார்த்துடா கிழம்ங்கிற?" ஓஸ்பர்ன் எகிறினார். பசீலியாவுக்குப் பிறகு அடுத்த வாரிசு யார் என்ற கணக்கு இதற்குள் அவர் தலைக்குள் ஓடி முடிந்திருந்தது. "தம்பி வழியில வந்தவன் வாயை அடக்கிப் பேசு!"

சாமி மேசையைத் தட்டினார். "சொன்ன சத்தியத்தைத் திருப்பி விழுங்க முடியாது. இந்த அம்மா ஒருத்தி மறுத்தா மட்டும்தான் சாட்சி விழும். ஏம்மா, நீ என்ன சொல்ற? எலும்பு மேல கை வச்சுச் சொல்லு."

துர்ஸ்தான் ஓடி வந்து அவள் காதருகே குனிந்தான். பழைய மதுவும் பல் சொத்தையும் கலந்த அந்த வாடையைப் பதினொரு வருஷம் தாங்கியிருக்கிறாள். "பசீலியா, கண்ணு. உன் கொள்ளுத்தாத்தா வெறும் உப்புக் காய்ச்சினவர்னு உனக்குத் தெரியும்ல? அதைச் சொல்லிடு. உண்மைதானே? வா, வீட்டுக்குப் போலாம். இன்னொரு குழந்தை பெத்துக்கலாம்."

"அந்த மூணும்?" என்றாள். "ஆண்டவரோட அருவருப்புன்னு எழுதினீங்களே."

"அட, அது வழக்குக்காக எழுதினது. அதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு."

உண்மையைச் சொன்னால் இந்த வாயோடு வீட்டுக்குப் போக வேண்டும், சாகிறவரைக்கும். பொய்யைச் சொன்னால் இந்தக் கும்பலின் பொய் அவளுடையதும் ஆகிவிடும். அதோடு தன் வயிற்றில் பிறந்தவை பாவத்தில் பிறந்தவை என்று தானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். மற்றதெல்லாம் போகட்டும், அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

"சாமி, தெரியாம நடந்த கல்யாணத்துல பிறந்த பிள்ளைங்க மேல பாவம் உண்டா?"

"கிடையாது. அப்பா அம்மாவுக்குத் தெரியாதவரைக்கும் பிள்ளைங்க முறையான பிள்ளைங்கதான்."

"அதை முதல்ல எழுதுங்க. இவரையும் சொல்லச் சொல்லுங்க."

துர்ஸ்தானுக்கு அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்று புரியவில்லை. சமாதானமாகிவிட்டாள் என்றே நினைத்திருப்பான். "ஆமா சாமி, பிள்ளைங்க மேல ஒரு பாவமும் இல்ல" என்று அவசர அவசரமாகச் சொன்னான். எழுத்தரின் இறகுப் பேனா ஓடி முடிகிறவரை பசீலியா பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு வெள்ளிப் பெட்டியின் மேல் கையை வைத்தாள். சித்தப்பாவின் நெய் இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. "கிரிமூல் தோரால்டோட மூத்த பிள்ளை. எங்கப்பா எனக்குச் சொன்னது" என்றாள். செத்துப்போன நல்ல மனுஷனையும் இழுத்தாகிவிட்டது.

கல்யாணம் செல்லாது என்று சாமி தீர்ப்புச் சொன்னார்.

"கோமகன் சபையில பார்க்கலாம் அண்ணே" என்று துர்ஸ்தானிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சுவரோரமாக ஒதுங்கி, குனிந்து, காலையில் தின்ற ரொட்டியை எல்லாம் வாந்தியெடுத்தாள். கையை ஈரப் புல்லில் தேய்த்தாள். நெய் போய்விட்டது, ஆனாலும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஓஸ்பர்ன் மூச்சிரைக்க ஓடி வந்து அவள் முதுகில் தட்டினார். "அடி என் ராசாத்தி! என்னமா சத்தியம் பண்ணின, கண்ணு கூட இமைக்கலையே! நீ அசல் எங்க ரத்தம்டீ!"

அன்று காலையிலிருந்து அந்த மனிதர் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மறுபடியும் குனிந்தாள்.