ஏரியூர் விவசாயியின் வலது கை

மாதேஷின் வலது கை தோளுக்கு மேல் ஏறுவதில்லை என்கிற விஷயம் ஒகேனக்கல்லில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று மாதேஷ். இன்னொன்று, தினமும் அவனுக்குச் சட்டை மாட்டிவிடும் மனைவி மணிமேகலை.

மூன்றாவது ஆளுக்குத் தெரிந்தால் தொலைந்தது. அருவிக்கரையில் இருபத்து நாலு வருஷமாக எண்ணெய் மசாஜ் செய்கிறவன் அவன். பெங்களூரிலிருந்து கழுத்துப் பிடித்துக்கொண்டு வரும் கம்ப்யூட்டர்காரர்களைப் பாறையில் குப்புறப் படுக்கவைத்து, "உடம்ப லூசா வுடுங்க சார், மத்தத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியே பேர் வாங்கியவன். அவனுக்கே தோள்வலி என்றால் எவன் முதுகைக் காட்டுவான்? ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் இருபது நாள். அந்தக் கூட்டத்தில் கை தூக்க முடியாமல் நின்றால், மானத்தை விட்டுவிட்டு மணிமேகலையின் மீன் வறுவல் கடையில் செதில் உரிக்க உட்கார வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரி மாத்திரை இருந்தவரை வலி அடங்கிக் கிடந்தது; தீர்ந்த மறுநாள் வந்துவிட்டது. மீன் வாங்க வந்த டீச்சரம்மா ஒருத்தி சொன்னதைக் கேட்டு, பென்னாகரத்தில் அக்குபஞ்சர் பார்க்கிற யுவராணியிடம் போகச் சொன்னாள் மணிமேகலை.

"ஊசியா?" என்றான் மாதேஷ்.

"பின்ன, அருவாளா?"

கொரோனா ஊசி போட்ட முகாமில் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் முந்தானையைப் பிடித்திருந்தவன் அவன். அதை அவள் இப்போது சொல்லிக் காட்டவில்லை. பெரிய மனசு.

எண்ணெய் வாசனை போக இரண்டு தடவை சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு பஸ் ஏறினான். செல்போன் கடை மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், சுத்தமான விரிப்பு. யுவராணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேர் கேட்டாள். "கோவிந்தன்" என்றான். ஊர் ஏரியூர். விவசாயம். நிலக்கடலை. கேட்காததற்கும் சேர்த்துச் சொல்லிவைத்தான்.

அவன் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தாள். "யாரு மேலயாவது கோவமா இருக்கீங்களாண்ணா?"

"இல்லீங்களே."

"நாடி அப்படிச் சொல்லலையே."

"விவசாயம்ங்க. மழ பேஞ்சாலும் கோவம், பேயலன்னாலும் கோவம்."

சிரித்துக்கொண்டே படுக்கச் சொன்னாள். அப்புறம் சொன்னாள் பாருங்கள், "உடம்ப லூசா வுடுங்கண்ணா" என்று. ஆயிரம் பேருக்கு அவன் சொன்ன வார்த்தை. அது இத்தனை கஷ்டமான காரியம் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விரலை விட்டால் பல் கடித்துக்கொண்டது, பல்லை விட்டால் வயிறு இறுகிக்கொண்டது. அவள் முழங்காலுக்குக் கீழே எங்கேயோ தொட்டாள்.

"கை வலிக்குதுன்னு வந்தா கால்ல குத்தப் போறீங்களேங்க."

"குத்தி முடிச்சாச்சு. கண்ணத் தொறங்க."

திறந்தான். தலைமுடி கனத்தில் ஒரு ஊசி காலில் நின்றுகொண்டிருந்தது. இதற்கா மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்தோம் என்று தன்மேலேயே வெட்கமாக வந்தது. ஊசி இருக்கும்போதே கையை மெல்லத் தூக்கச் சொன்னாள். தூக்கினான். காது வரை போனது. மாதேஷாக இருந்தால் கத்தியிருப்பான். கோவிந்தன் என்பதால் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

அவள் முதுகை அழுத்திப் பார்த்தாள். "பாறையாட்டம் கெடக்குது. கடைசியா எப்பண்ணா எண்ண தேச்சு உருவிக்கிட்டீங்க?"

"நாலு வருஷம் இருக்குங்க." அன்றைக்கு அந்த அறையில் அவன் சொன்ன ஒரே நிஜம் அதுதான்.

"ஊசி மட்டும் பத்தாது. ஒகேனக்கல்ல சின்னராஜ்னு ஒருத்தர் இருக்காருங்களாம். வீடியோல பாத்தேன். அருமையான கை. வாரம் ரெண்டு தரம் அவருகிட்டப் போயிட்டு வாங்க."

நல்லவேளை, காலில் ஊசி இருந்தது. இல்லாவிட்டால் எழுந்து நடந்திருப்பான்.

சின்னராஜ் அவனோடு ஒன்றாகத் தொழில் கற்றவன். திங்கட்கிழமை கூட்டம் இருக்காது. மசாஜ்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் உருவிவிட்டுக்கொள்வது அன்றைக்குத்தான். இருபது வருஷம் மாதேஷுக்குச் சின்னராஜ், சின்னராஜுக்கு மாதேஷ். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீடியோக்காரன் வந்தான். ஒரு மணி நேரம் அவன் முதுகை உருட்டிப் பிசைந்தவன் மாதேஷ். எண்ணெய் எடுக்க மாதேஷ் போன நேரத்தில், தலையில் இரண்டு நிமிஷம் தட்டிவிட்டவன் சின்னராஜ். வீடியோவில் முதுகு வேலையில் ஒரு ஜோடிக் கை மட்டும் தெரிந்தது. முகத்தோடு தெரிந்தவன் சின்னராஜ். 'ஒகேனக்கல் மசாஜ் மன்னன்' என்று தலைப்பு வேறு. நான் இல்லை, மாதேஷ்தான் என்று சின்னராஜ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. திங்கட்கிழமையும் நின்றது.

'அந்தக் கையே என்னுதுதானுங்க' என்று யுவராணியிடம் சொல்லலாம்தான். கோவிந்தன் எப்படிச் சொல்வான்?

இரண்டாவது நாளே கை பழையபடி தோளோடு நின்றுவிட்டது. யுவராணி சொன்னதை அவனிடம் கறந்திருந்த மணிமேகலை, சட்டையை மாட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்: "சின்னராஜ்கிட்டப் போறீங்களா, செதில் உரிக்க வரீங்களா?"

திங்கட்கிழமை காலை. சின்னராஜ் பாறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். மாதேஷ் நேராக அவனிடம் போனான். ஒற்றைக் கையால் சட்டையோடு மல்லுக்கட்டிக் கழற்றிவிட்டு, அவன் முன்னால் குப்புறப் படுத்தான். சின்னராஜ் அந்தத் தோளையே பார்த்தான். எண்ணெய் பாட்டிலைத் திறந்தான்.

"உடம்ப லூசா வுடு."

"வுட்டுத்தான் இருக்கறன்."

"எங்கிட்டயேவா?" என்று முதுகில் ஒன்று வைத்தான். தோள்பட்டைக்குக் கீழே கட்டைவிரல் போய் நின்ற இடம் அத்தனை சரியான இடம். மாதேஷுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு வருஷமாக ஊருக்கெல்லாம் உருவிவிட்ட தன்னை ஒருத்தர்கூட உருவிவிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகையாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது.

"அந்த வீடியோவப் பாத்துட்டு வர்றவங்ககிட்டல்லாம், முதுகுல வேல செஞ்சது மாதேஷுன்னு சொல்லிட்டுத்தான்டா இருக்கறேன்" என்றான் சின்னராஜ். "எவனும் நம்பல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ எங்க நின்ன?"

முடித்ததும் பாட்டிலை மாதேஷின் கையில் கொடுத்துவிட்டு, சின்னராஜ் தன் சட்டையைக் கழற்றினான். அவனுக்கும் ஒற்றைக் கையால்தான் முடிந்தது.

"எனக்கு எடது பக்கம். ஒன்றர வருஷமாச்சு. எவங்கிட்டயும் சொல்லிடாத" என்று படுத்துக்கொண்டான்.

ஆடிப் பதினெட்டுக்கு மூன்று நாள் முன்னால் பென்னாகரத்தில் நாலாவது ஊசி. கை முழுசாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி மேலே போனது. சட்டையை அவனே போட்டுக்கொண்டு வந்திருந்தான். யுவராணி நாடியைப் பிடித்தாள்.

"கோவம் எறங்கியிருக்குதே. யாருகிட்டண்ணா போனீங்க?"

"நீங்க சொன்ன சின்னராஜ்தானுங்க."

"கை எப்படி?"

கோவிந்தனாக வந்ததற்குத் தண்டனை இதுதான். "அப்படி ஒரு கை ஒகேனக்கல்ல கெடையாதுங்க" என்றான். சொன்னபிறகு பார்த்தால் எங்கேயும் வலிக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. "மாதேஷுன்னு இன்னொருத்தரும் இருக்காருங்க. அவரும் நல்லாத்தான் பண்ணுவாரு. சொல்லப்போனா, கொஞ்சம் கூடவே நல்லா பண்ணுவாருங்க."

"அப்படீங்களா? எங்க வூட்டுக்காரரு லாரி ஓட்டி ஓட்டிக் கழுத்து திரும்பாம கெடக்கறாரு. ஆடிப் பதினெட்டுக்கு அங்க கூட்டிட்டுப் போறேன். மாதேஷுன்னே கேக்கறோம்."

மாதேஷ் கூரையைப் பார்த்தான்.

"கேளுங்க" என்றான். "ஆனா பாத்ததும் திகைச்சுப் போயிடாதீங்க. அவரு அச்சு அசலா என்னாட்டமே இருப்பாருங்க."