மூட்டையும் தூக்குவன்

இராசேஸ்வரி தன் வாயாலேயே கெட்டாள். அதுவும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்கள் கைதட்ட, சிரித்த முகத்தோடு கெட்டாள்.

இடுப்பின் பின்புறம் வலிக்கிற அவளுடைய நாரி நோவுக்கு ஏழெட்டு வயதிருக்கும். குனிந்தால் பிடிக்கும், நிமிர்ந்தால் குத்தும், இருந்தால் இடது கால் வரைக்கும் இழுக்கும். காயம் இல்லை, வீக்கம் இல்லை, பிறருக்குக் காட்ட ஒன்றுமே இல்லை. "நாரி நோகுது" என்று அவள் சொல்லும்போதெல்லாம் புருசன் ராஜரத்தினம், "ஆருக்குத்தான் நோகேல்லை?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவார். ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, "அம்மா இனித் தண்ணி அள்ளக் கூடாது" என்று அவருக்கே நேரில் சொன்ன பிறகுதான் கிணற்றுக் கயிறு அவர் கைக்குப் போனது. வாளிக்கொரு பெருமூச்சு விட்டார். விடட்டும். அவள் அள்ளவில்லை, அது போதும்.

நோக் குளிசை வயிற்றை எரித்ததால் அதையும் நிற்பாட்டியாயிற்று. பிறகு மருந்தில்லாத வைத்தியச் சாமான்கள் வரத் தொடங்கின. சுவிஸிலிருந்து தம்பி இடுப்புப் பட்டி அனுப்பினான். வன்னி வெயிலில் அதைக் கட்டியதில் நோவோடு வேர்க்குருவும் சேர்ந்து வந்தது. அடுத்தது, தோலில் ஒட்டினால் எறும்பு போல நுள்ளுகிற மெசின். அது பற்றரி செத்து அலுமாரிக்குள் கிடக்கிறது. கடைசியாகத்தான் கிளிநொச்சிக் கட்டில்.

டவுனில் ஒரு மேல்மாடியில் சூட்டுக் கட்டில் விற்கிற கடை திறந்திருந்தார்கள். ஆசை காட்டுவதற்காக, வருகிறவர்களைச் சும்மா படுக்க விடுவார்கள். கட்டிலுக்குள் சூடான கல் உருளைகள் கழுத்திலிருந்து நாரி வரை மெல்ல ஏறி இறங்கும். முதல் நாள் படுத்தபோது அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த அரை மணித்தியாலம் உடம்பில் நோ என்கிற சாமானே இல்லை. பிறகு பஸ் ஏறி, கிடங்கும் குழியுமான றோட்டில் குலுங்கி, வீட்டுப் படலையடியில் இறங்கும்போது நோவும் கூடவே இறங்கும். இருந்தாலும் அந்த அரை மணித்தியாலத்தை வேறு யார் அவளுக்குக் கொடுத்தார்கள்?

கடையை நடத்திய சிவகரன் கழுத்தில் ரை கட்டின, தேன் ஒழுகப் பேசுகிற பெடியன். அவனிடம் ஒரு சட்டம் இருந்தது. சில கிழமை படுத்தவர்கள் எழும்பி நின்று மைக்கில் தங்கள் சுகத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கட்டில் இல்லை என்று அவன் ஒருநாளும் சொல்லமாட்டான். சொல்லாதவர்களுடைய முறை மட்டும் வரவே வராது.

முறை வராமல் வாங்குப் பலகையில் குந்தியிருந்து திரும்பித் திரும்பிப் போய்க் களைத்துத்தான் இராசேஸ்வரி மைக்கை வாங்கினாள்.

"எனக்கு நாரி நோ முழுக்கப் போயிட்டுது."

எல்லாரும் கைதட்டினார்கள். சிவகரன் போனை நீட்டிப் படம் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் சொல்லுங்கோ அன்ரி" என்றான்.

"இப்ப நெல்லு மூட்டையும் தூக்குவன்!"

அதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் பேச்சுக்கு அதுவரை யாரும் கைதட்டியதில்லை.

அன்றைக்கே அது பேஸ்புக்கில் ஏறியது. பின்னேரமே ராஜரத்தினத்தின் தமக்கை பத்மாசனி போனும் கையுமாக வந்து நின்றாள். "தம்பி, உன்ரை மனுசி மூட்டை தூக்குவாவாம். நீயெண்டால் கிணத்தடியிலை நிண்டு தண்ணி அள்ளுறாய்!"

ராஜரத்தினம் அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விடிந்தபோது கிணற்று வாளி அவள் சமைக்கிற குசினி வாசலில் இருந்தது.

"என்னப்பா இது?"

"சுகம் எண்டு நீதானே சொன்னனி."

"அது கட்டிலுக்காகச் சொன்னது."

"ஓமோம். வேலையெண்டால் நோ, டவுனுக்கெண்டால் சுகம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாளியைப் பறித்துக்கொண்டு போய், வீம்புக்கு மாட்டுத் தொட்டி நிறைய அள்ளி ஊற்றினாள். அதன் பிறகு நிமிர முடியவில்லை. கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி வளைந்து நின்றாள். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். நடிக்கிறாள் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அந்தக் கிழமையே சிவகரன் போனில் கூப்பிட்டான். அவளுடைய வீடியோவைக் கனபேர் பார்த்துவிட்டார்களாம், ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டமாம். "அங்கிளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." ராஜரத்தினம் ஸ்திரி போட்ட சேட்டோடு வெளிக்கிட்டார். பெண்சாதி பொய்க்காரி என்பதைக் கண்ணால் பார்க்க அவ்வளவு அவசரம்.

மைக் கைக்கு வந்தது. போன்கள் உயர்ந்தன.

"அண்டைக்கு நான் பொய் சொன்னனான்" என்றாள் இராசேஸ்வரி. "கட்டில் நல்லதுதான். படுத்திருக்கும் மட்டும் சுகம். எழும்பினால் நோ அப்பிடியே கிடக்கு. எனக்கு மட்டுமில்லை, இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் அப்பிடித்தான்."

மைக் செத்தது. சிவகரன் ஓடி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அன்ரி, நீங்கள் இனி வரத் தேவையில்லை" என்றான். யாராவது ஓம் என்பார்கள் என்று அவள் வாங்குகளைப் பார்த்தாள். பூநகரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற மனுசி எழும்பினாள்.

"வாயை மூடணை! இந்தக் கடையையும் பூட்டப் பண்ணப் போறியோ?"

"உனக்குக் கட்டில் வேண்டாமெண்டால் போ. எங்களுக்குக் கிடைக்கிறதைக் கெடுக்காதை!" என்று வேறொருவர் கத்தினார்.

அவள் சொன்னது பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொன்னாய் என்றுதான் அத்தனை பேரும் ஏசினார்கள், நாரியில் கையை ஊன்றிக்கொண்டு. ராஜரத்தினம் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கிட்ட வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அப்ப அண்டைக்கு ஏன் பொய் சொன்னனி?"

இராசேஸ்வரிக்கு இப்போது மைக் தேவைப்படவில்லை.

"நோகுது எண்டு இத்தினை வருசமாச் சொல்லுறன். ஒருநாளும் நம்பேல்லை. நோ இல்லை எண்டு ஒருக்காத்தான் சொன்னன். அண்டைக்கே நம்பிட்டியள்!"

அவர் மாடிப்படி இறங்கிப் போய்ப் பஸ்ஸை மறித்தார். வீட்டில் வாளி குசினி வாசலிலேயே இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். நாரி தெறித்தது. இனி அந்த அரை மணித்தியாலமும் இல்லை. மாடு தண்ணீருக்குக் கத்தியது. கத்தட்டும் என்று கிடந்தாள்.

கன நேரம் கழித்துக் கிணற்றடியில் கப்பி கிறீச்சிட்டது. பெருமூச்சுச் சத்தம் இல்லாமல் வாளி இறங்குவதும் ஏறுவதும் கேட்டது.

அதற்காக அவள் எழும்பித் தேத்தண்ணி போடப் போகவில்லை.