காரணம் எழுதாத படிவம்

"தடை செய்யப்பட்டது. வகை: நிர்வாணம்" என்று நூலகக் கணினியின் திரை மூன்றாம் முறையாக அறிவித்தபோது மெர்ல் நாற்காலியைத் தள்ளி எழுந்தான். வியாழக்கிழமை விச்சிட்டா மருத்துவமனையில் அவன் மனைவி ஆர்டித்தின் இடது மார்பை அகற்றப்போகிறார்கள். "வெட்டினப்புறம் எப்படி இருக்கும்னு பாத்துட்டு வந்து சொல்லு. ஊருல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் தேடியது அதைத்தான். ஆனால் மார்பென்ற சொல்லைக் கண்டதும் கதவடைக்கும் இணைய வடிகட்டிக்கு நோயும் ஒன்றே, காமமும் ஒன்றே!

வயது வந்தவர் கேட்டால் வடிகட்டியை விலக்கித் தர வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. சென்ற ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு தந்த வாக்குறுதி அது. வாஷிங்டனில் பிறந்த உரிமை கான்சாஸ் சமவெளி கடந்து இந்தச் சிற்றூர் நூலகம் வரைக்கும் வந்துவிட்டது. இனி மேசைவரை பன்னிரண்டு அடி நடப்பது மட்டுமே மிச்சம். நடந்தான்.

நூலகர் லொரெட்டா படிவத்தை நீட்டினாள். "கையெழுத்துப் போடு, மெர்ல். 'காரணம்'னு இருக்கே, அது நம்ம ஊர் நூலகக் குழு சேர்த்தது. சட்டப்படி நீ எழுத வேண்டியதில்ல."

"எழுதலன்னா?"

"எழுதலன்னு மாசக் கூட்டத்துல வாசிப்பாங்க."

பின்னால் வரிசையில் நின்ற கிளெம் எட்டிப் பார்த்தான். "என்னப்பா, கோதுமை விலை பாக்கவா வடிகட்டிய எடுக்கச் சொல்ற? ஆர்டித்துக்குத் தெரியுமா?"

"அவதான் அனுப்பினா."

கிளெம் வயிறு குலுங்கச் சிரித்தான். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லியும் அது உண்மையாகப் போய்ச் சேரவில்லை. காரணத்தை எழுதினால் அவள் உடல் ஊர்ப்பேச்சாகும்; எழுதாவிட்டால் இவன் பெயர் சந்தி சிரிக்கும். மெர்ல் கையெழுத்தை மட்டும் போட்டான். அவமானம் வரட்டுமென்று காத்திருந்தான். அதுவும் வரவில்லை.

லொரெட்டா வடிகட்டியை விலக்கிக் கொடுக்க, அவன் தன் கணினிக்குத் திரும்பினான். படம் மேலிருந்து கீழாக மெல்ல விரிந்தது. முகம் தெரியாதபடி கழுத்துக்குக் கீழே மட்டும் எடுக்கப்பட்ட ஒரு பெண். லொரெட்டா நாகரிகமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் பக்கத்துக் கணினியில் வந்து உட்கார்ந்துவிட்ட கிளெம் சிரிப்பை அடக்கியபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த அறையில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

அச்செடுத்தால் தாள் லொரெட்டாவின் மேசையில்தான் போய் விழும். ஆர்டித்திடம் காட்ட மெர்ல் ஒரு துண்டுச் சீட்டை இழுத்து, பென்சிலால் கழுத்தை வரைந்தான், தோளை வரைந்தான், பழுதில்லாத வலப்பக்கத்தை வரைந்தான். பிறகு இடப்பக்கம். பென்சில் முனை தாளைத் தொட்டபடி நின்றது.