சன்னம் விற்கிறவள்

விசாரணை அறையின் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது அண்ணையை அல்ல, மேசைக்குப் பின்னால் இருந்த சாம்பல் மீசையை. அண்ணையை அகதியாக ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று தீர்மானிக்கப் போகிற மனிதர், பதினைந்து நாளைக்கு முன் என்னிடம் துப்பாக்கிச் சன்னம் வாங்கிக்கொண்டு போனவர்.

என் வேலையைப் பற்றி நான் மூன்று வருடமாக ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்லத்தான் வேண்டும்.

மொன்றியல் துறைமுகப் பக்கம் ஒரு வேட்டைச் சாமான் கடை. முதலில் என்னை எடுத்தது மீன்பிடிப் பகுதிக்கு. தூண்டில், நரம்பு, ஈயக்குண்டு. மூன்று மாதத்தில் சன்னம் விற்கிற பக்கம் மாற்றினார்கள். வெற்றுத் தோட்டாவில் வீட்டில் தாங்களே மருந்து நிரப்பிச் சுடுகிறவர்கள், நுனியில் இருக்கும் குண்டை, அதாவது சன்னத்தை மட்டும் பெட்டி பெட்டியாக வாங்குவார்கள். அந்தப் பெட்டிகளில் இருந்த சின்ன எழுத்தையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் இருந்து வாசித்தேன். ஒரு வருடத்தில் முதலாளியே என்னிடம் கேட்டு விற்கிற நிலை வந்தது. பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல?

வீட்டில் மட்டும் நான் இன்னும் தூண்டில் விற்றுக்கொண்டிருந்தேன். அண்ணை அருமைநாதன் திருகோணமலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன வழியில் தோளில் துப்பாக்கிச் சூடு பட்டவர். மேல்வீட்டில் கதவு அடித்தாலும் கையில் இருக்கிற கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு நிற்பார். கார்ட்டியர்வில்லில் என் நிலவறை வீட்டில் இரண்டு வருடமாக என் சோற்றைச் சாப்பிடுகிறார். அந்தச் சோறு எதை விற்று வந்தது என்று அவருக்கு எந்த முகத்தோடு சொல்வேன்?

அண்ணையைப் பராமரிப்பது நான்தான் என்று காட்ட, அவருடைய வழக்கைப் பேசுகிற லோயர் அம்மா என் கடையிலிருந்து ஒரு கடிதம் கேட்டார். முதலாளியைக் கெஞ்சி 'மீன்பிடிப் பகுதி விற்பனையாளர்' என்று எழுதுவித்தேன். அரசாங்கத்துக்குக் கொடுக்கிற கடுதாசியில், தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில், சன்னம் என்ற சொல் வரலாமா? எங்கள் ஆட்களின் மூளை இப்படித்தான் ஓடும். சட்டப்படி நடக்கிற கடை, சட்டப்படி செய்கிற வேலை. என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரிக்கு இதை மறைக்கிற எண்ணமே வந்திராது.

மீசைக்காரர் வந்தது ஒரு சனிக்கிழமை. இரும்பில் வெட்டிய ஆட்டுக்கடா உருவத்தை இருநூறு மீற்றரில் நிறுத்தி, கைத்துப்பாக்கியால் சுட்டு விழுத்துகிற போட்டிக்காரர். புதிதாக வாங்கிய மலிவுச் சன்னம் ஒன்று இங்கே போகிறது, ஒன்று அங்கே போகிறது என்று குறைப்பட்டார். எவ்வளவு வேகத்தில் விடுகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். அது ஈயத்துக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சு மட்டும்தான், செக்கனுக்கு ஆயிரத்து இருநூறு அடிக்கு மேல் வேண்டாம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது, அதற்கு மேல் விரட்டினால் பூச்சுக் கிழிந்து போகிற வழியிலேயே பிரிந்துவிடும் என்றேன். தடித்த செம்பு உறை போட்டதை எடுத்து வைத்தேன். விலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மெதுவாக விட்டால் இரண்டும் ஒன்றுதான் முசியு, வேகம் கூடினால்தான் எது உடையும் என்று தெரியும் என்றேன். சிரித்துக்கொண்டு இரண்டு பெட்டி வாங்கினார். என் வாய்க்கொழுப்பு.

இப்போது அவர் முன்னால் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அண்ணை காலையிலேயே இரண்டு மணித்தியாலம் தன் கதையைச் சொல்லி முடித்திருந்தார். சாட்சி என்றபடியால் அதுவரை என்னை வெளியே இருத்தியிருந்தார்கள். தங்கச்சிக்கு என்ன வேலை என்றும் கேட்டார்கள், கடிதத்தில் இருக்கிறபடியே சொன்னார் என்று லோயர் இடைவேளையில் சந்தோசமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சூடு பட்டபின் ஊர் ஆஸ்பத்திரியில் நான் அண்ணையைக் கண்டது பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். மேசையில் அண்ணையின் எக்ஸ்ரே கிடந்தது. தோளுக்குள் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகத் துணுக்குகள். பிறகு மீசைக்காரர் என் கடைக் கடிதத்தை எடுத்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் கடிதத்தைப் பார்த்தார். கடையில் நீங்கள் விற்பது என்ன என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

தூண்டில் என்றால், அது பொய் என்று தெரிந்த மனிதருக்கு முன்னாலேயே பொய். தங்கச்சி பொய்க்காரி என்றால் அண்ணையின் தோளை யார் நம்புவார்கள்? சன்னம் என்றால் கடிதம் பொய், காலையில் அண்ணை சொன்னதும் பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சுவரைக் கட்டினதும் நான்தான். என்மேல் வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

"சன்னம் விக்கிறன்," என்றேன். "கைத்துவக்குக்குப் போடுற சன்னம். மூண்டு வருசமா. அண்ணைக்கு இது தெரியாது, அவருக்கும் நான் பொய்தான் சொன்னனான். கடிதத்தையும் நான்தான் அப்பிடி எழுதுவிச்சனான். அவர் உங்களுக்குச் சொன்னது அவருக்குத் தெரிஞ்ச உண்மை."

அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய வலக்கை மட்டும் இடது தோளுக்குப் போனது.

மீசைக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இந்தச் சாட்சியைத் தனக்குத் தெரியும், இவரிடம் தான் சாமான் வாங்கியதுண்டு, இவர் சொன்னதை நம்பி வாங்கினது சரியாகவும் இருந்தது என்றார். ஆகவே இந்த வழக்கைத் தான் தீர்ப்பது முறையில்லை, வேறொருவர் முன் முதலிலிருந்து விசாரிக்கவேண்டும் என்றார். நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்த தவணைக்கு ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார் லோயர். எங்கே வேலை என்று தன்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டார். அண்ணை ஒன்றைத்தான் கேட்டார், காலையில் தான் சொன்னதெல்லாம் என்ன ஆகும் என்று. அதையும் திரும்பச் சொல்லவேண்டும் என்றார் லோயர்.

மெட்ரோவில் வந்து கோட்-வெர்ட்டு நிலையத்தில் இறங்கினோம். பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணை கேட்டார்.

"நீ அந்தாளுக்குக் குடுத்தது உடையாதோ?"

"உடையாது, அண்ணை. உடையாததாப் பாத்துத்தான் குடுத்தனான்."

தெருவைப் பார்த்தபடி சொன்னார். "எனக்குப் பட்டது உடைஞ்சது. அதாலதான் எக்ஸ்ரே படத்தில தெரியுது. உடையாட்டி துளைச்சுக்கொண்டு அங்கால போயிருக்கும், காட்ட என்னட்டை ஒண்டும் இருந்திராது."

கோபமா என்று கேட்டேன். பஸ் வந்தது, ஏறினோம். அண்ணை யன்னலோரம் இருந்து கண்ணை மூடினார். நித்திரை என்று நினைத்தேன். உதடுகள் அசைந்தன, குனிந்து கேட்டேன். "தொண்ணூற்றேழாம் ஆண்டு, மாசி மாதம், காலமை எட்டு மணி, பாண் வாங்கப் போனனான்," என்று முதலிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.