பட்டப்பகலில் எரிந்த ஹெட்லைட்

என் வீட்டுக்காரர் ஜாஃபர் சாதிக், சவூதியில், தம்மாமில் பாதி வயதைக் கழித்துவிட்டு ஊர் திரும்பி ஒரு கார் வாங்கினார். கார் என்று சொல்வது தப்பு. வாங்கியது ஒரு திரை. அதோடு நாலு சக்கரமும் கொஞ்சம் தகரமும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் அந்தத் திரை முன்னால் உட்கார வைத்துத்தான் டீ கொடுப்பார்.

அன்றைக்கு அவருடைய அண்ணன் மகள் ஃபஹ்மிதாவுக்குத் திருத்துறைப்பூண்டியில் நிக்காஹ். அண்ணன் மவுத்தாகிவிட்டார். அத்தா இல்லாத பெண்ணுக்கு அத்தா இடத்தில் வலியாக, பொறுப்பாளராக நின்று கட்டிக்கொடுக்க வேண்டியவர் இவர். "உன் பொண்ணுக்கு நான் இருக்கேன்ணே" என்று அண்ணன் கையைப் பிடித்துச் சொன்னதும் இவர்தான். அந்த வார்த்தைக்காகவே இவரை நான் எத்தனையோ விஷயத்தில் மன்னித்திருக்கிறேன்.

ஒரத்தநாட்டில் கிளம்பும் முன் டேஷ்போர்டின் மேல் ஒரு வெல்வெட் விரிப்பைப் பரப்பினார். ஓரமெல்லாம் தங்கக் குஞ்சம். கார் வாங்கும் முன்பே தம்மாமில் வாங்கி வைத்தது. நான் பட்டுக் கட்டினால் வண்டி சும்மா இருக்குமா? கடைத்தெரு தாண்டவில்லை, திரை இருண்டுவிட்டது.

"அனீஸா, திரை போச்சு!"

"வண்டி ஓடுதுல்ல, ஓட்டுங்க."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து பாத்தா என்ன நினைப்பாங்க?"

பெண் கொடுக்கப் போகிற இடத்தில் திரையைத்தான் பார்ப்பார்களாம். பேசிப் பயனில்லை. இருட்டுக்குள் கண்டதையும் அழுத்தினார், திருகினார். அப்படியே சத்தத்தையும் அடியோடு குறைத்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் போனோ எப்போதும் சைலண்டில் கிடக்கும். யார் கூப்பிட்டாலும் வண்டியில்தான் மணியடிக்கும் என்பது அவருக்கு ஒரு பெருமை. என் போனில் திரையைச் சரிசெய்யும் வீடியோ வைத்துப் பார்த்துப் பார்த்து அதன் சார்ஜையும் தீர்த்தார்.

வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரித்துக் காட்டினார்கள். இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, நம்ம வண்டியப் பாத்து ஊரே கை காட்டுது." ஒவ்வொருவருக்கும் பதில் சலாம் வைத்தார்.

மன்னார்குடியில் இளநீர்க்காரர் ஜன்னலில் குனிந்து சொன்னார். "பாய், பட்டப்பகல்ல ஹெட்லைட்டு எரியுதே. அணைச்சிடுங்க."

"அது ஆட்டோமேட்டிக்கு. எப்ப எரியணும்னு வண்டிக்கே தெரியும்."

வண்டிக்கே அவ்வளவு தெரியும்போது இவர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மன்னார்குடி தாண்டியதும் வீடியோக்காரன் சொன்ன வைத்தியத்தை ஆரம்பித்தார். வண்டியை அணைத்துப் பூட்டிவிட்டு விலகி நிற்க வேண்டும். அது தூங்கும். எழுந்ததும் சரியாகிவிடும். தூங்க வைத்தார், எழுப்பினார், திரை எழவில்லை. மறுபடியும் தூங்க வைத்தார். என் பிள்ளைகளை ஒரு நாளாவது இப்படித் தூங்க வைத்திருந்தால் எனக்கு முதுகுவலி வந்திருக்காது. வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, பட்டும் நகையுமாக ரோட்டோரத்தில் நின்ற என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

"நிக்காஹ் நேரமாச்சுங்க. ஃபஹ்மிதா உங்களத்தான் எதிர்பாத்துட்டு இருக்கும்."

"வலி இல்லாம எப்படி ஆரம்பிப்பாங்க? இன்னும் ஒரே ஒரு தடவ."

கதவைத் திறந்து அந்த வெல்வெட்டை உருவினேன். வாய்க்கால் மதகில் விரித்து உட்கார்ந்தேன்.

அந்தத் தடவை திரை பளீரென்று எரிந்தது.

"பாத்தியா! தூங்கி எழுந்து சரியாயிடுச்சு!" என்று குதித்தவர், என்னிடமிருந்து வெல்வெட்டை வாங்கிப் பழையபடி பரப்பினார். திரை இருண்டது. எடுத்தார். எரிந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டில், குண்டுமணி அளவுக்கு ஒரு கறுப்புக் கண் இருந்தது. அதைக் குஞ்சம் வைத்த வெல்வெட்டால் மூடினால், பாவம், வண்டி இரவு வந்துவிட்டதென்று லைட்டைப் போட்டுத் திரையை மங்க வைக்காமல் வேறென்ன செய்யும்?

அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வாயைத் திறந்தேன். திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். ஹஃப்ஸா மதினி, ஹஃப்ஸா மதினி, ஹஃப்ஸா மதினி. எல்லாம் எடுக்காத அழைப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயர் மறுபடி வந்தது. பச்சைப் பொத்தானைத் தொட்டுச் சத்தத்தைக் கூட்டினார். ஃபஹ்மிதாவின் அம்மா குரல் வண்டி முழுக்க நிறைந்தது.

"தம்பி! அல்ஹம்துலில்லாஹ், உசிரோட இருக்கீங்களா? எங்கயோ அடிபட்டுக் கெடக்கீங்களோன்னு பயந்தே போயிட்டோம். நிக்காஹ் ஓத வந்த ஹஜ்ரத்துக்கு வேற ஊர்ல அடுத்த நிக்காஹ்வாம், ரொம்ப நேரம் பொறுத்தாரு. சின்னத்தா வரட்டும்னு ஃபஹ்மிதா அழுதுச்சு. கடைசியில சித்தீக் தம்பிய வலியா நிக்க வச்சு முடிச்சுட்டோம். வண்டிக்கு என்னாச்சு தம்பி?"

சித்தீக் இவருடைய தம்பி. பஸ்ஸில் போனவர்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மதினி" என்றார். "நல்லா இருக்கு."

அழைப்பு முடிந்த பிறகும் திரை எரிந்துகொண்டே இருந்தது. அதை எப்படி அணைப்பதென்று எந்த வீடியோவிலும் அவர் பார்த்திருக்கவில்லை. வெல்வெட்டை எடுத்து டேஷ்போர்டின் மேல் பரப்பினார். திரை இருண்டது. வண்டியைக் கிளப்பினார்.

எதிரே பைக்கில் வந்தவர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார். இவர் சலாம் வைக்கவில்லை.